பாம்பன் பாலத்துக்கு நாடி பார்த்த கதை

ரயில் பாலங்களைச் சோதிக்கும் கருவிகளில் மிகப் பழையது சுத்தியல். ரிவெட்டின் தலையில் தட்டினால், இறுகியிருப்பது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக அதிரும். மறுபக்கம் விரலை வைத்திருப்பவருக்கு அந்த அதிர்வு உடனே தெரிந்துவிடும். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் நெடுங்காலம் இப்படித்தான் கவனிக்கப்பட்டது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குக் கடலின் குறுக்கே 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து உயரும் ஷெர்சர் தூக்குப் பகுதி.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு பயணிகள் வண்டியையே கடல் கொண்டுபோனது. பாலத்தின் இரும்புக் கர்டர்கள் பலவும் விழுந்தன. இ. ஸ்ரீதரன் தலைமையில் கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீட்டு, 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள். பிற்காலத்தில் இங்கே காற்றுவேகமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். வண்டியை நிறுத்தும் முடிவு அந்த அளவுக்குக் கருவியின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது அளந்தது காற்றை. உப்புக் காற்றில் அரித்துக்கொண்டிருந்த இரும்பின் நிலையை அது அறியாது.

இரும்பையே அளக்கும் கருவி 1938-இல் அமெரிக்காவில் வந்தது. எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த திரிபுமானி அது. மெல்லிய கம்பியை இரும்பில் ஒட்டிவிட்டால், பாரத்தில் இரும்பு நீளும்போது கம்பியும் நீளும். அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து இரும்பு எவ்வளவு நீண்டது என்று கணக்கிடலாம். பாலம் முழுக்க இதைப் பொருத்துவதில் செலவு வைத்தது கருவியைவிட ஒயர்தான். 1990-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேசரும் கிரெமிஜியனும் ஒயரே இல்லாத அமைப்பை முன்வைத்தார்கள். 2006-இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 64 கம்பியில்லா சென்சார்கள் வைக்கப்பட்டன. ஒன்று அடுத்ததற்குக் கைமாற்றிக் கைமாற்றித் தகவலைக் கரைசேர்த்தது.

ஒயர் போனதும் பேட்டரி தலைவலியானது. அதற்கு அழகான ஒரு தீர்வு இந்தியாவிலேயே கிடைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ‘பிரிமான்’ ஆய்வு ரயில் பாலங்களுக்கென்றே செய்யப்பட்டது. வண்டி இல்லாத நேரத்தில் சென்சார்கள் தூங்கும். வண்டி நெருங்கும்போது அதன் ரேடியோ சமிக்ஞையைக் கேட்டு விழிக்கும். வண்டி ஓடும்போதும் கடந்த பின்னும் பாலம் அதிர்வதைப் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை ஏற்றி அனுப்ப ஆள் வேண்டாம், டவரும் வேண்டாம். அடுத்து அந்த வழியே வரும் ரயிலே வாங்கிக்கொண்டு போகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களை வைத்திருக்கும் ரயில்வேக்கு இதைவிடச் சிக்கனமான தபால் கிடைப்பது அரிது.

பாம்பனுக்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. 2007-இல் அகலப்பாதை ஆனதும், மீட்டர் கேஜுக்கென எழுப்பிய பாலத்தில் கனத்த வண்டிகள் ஓடத் தொடங்கின. பாலத்தின் மேல் வண்டிகள் ஊர்ந்துதான் போயின. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் தெரிந்து போக்குவரத்து சில மாதங்கள் நின்றது. சென்னை ஐ.ஐ.டி. அங்கே சென்சார்களைப் பொருத்தியது. 2022 டிசம்பரில் அவை அபாய எச்சரிக்கை கொடுத்தன. ரயில்கள் மண்டபத்தோடு நிறுத்தப்பட்டன. பயணிகள் இறங்கி, 1988-இல் திறந்த சாலைப் பாலம் வழியாகப் பஸ்ஸில் தீவுக்குப் போனார்கள். இரண்டு மாதம் போல இழுத்த பின், பழைய பாலத்தில் இனி ரயில் ஓடாது என்று ரயில்வே அறிவித்தது.

சென்சாரால் துருவை நிறுத்த முடியாது; வண்டியை எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டுமே சொல்ல முடியும். பாம்பனில் அது சொன்ன நேரத்தில் பக்கத்திலேயே மாற்றுப் பாலம் எழுந்துகொண்டிருந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நேராக மேலே உயரும் அந்தப் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது.