பிஸ்டன் வளையம் வந்த வழி

நம் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு மோட்டார் பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் மலேசியப் போட்டி அங்கே நடந்தேறியது. அன்று முழங்கிய எஞ்சின்களின் ஆற்றல், பிஸ்டனைச் சுற்றிய மெல்லிய வளையத்தை நம்பியிருந்தது. அவ்வளையத்தின் வரலாறு மாணவர் அறியத் தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நீராவி எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே கொழுப்பில் தோய்த்த சணலைத் திணித்தனர். சணல் விரைவில் தேய்ந்தது, ஆவி கசிந்தது. இங்கிலாந்தின் இரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1852ஆம் ஆண்டு எளிய தீர்வொன்றைத் தந்தார். உலோக வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டார். வெட்டுண்ட வளையம் வில்லைப்போல் விரிந்து, உருளையின் சுவரைத் தானே தழுவிற்று. 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை நிறைவுற்ற இரயில் பாதையில் நம் முன்னோர் உழைத்தனர். அதில் ஓடிய நீராவி எஞ்சின்களின் பிஸ்டன்களும் வளையம் அணிந்தவையே.

பந்தய எஞ்சினைக் கட்டுவோர் வளையத்தை எங்ஙனம் தேர்கின்றனர்? வேகம் மிகும்போது கனத்த வளையம் தன் பள்ளத்தில் நிலைகொள்ளாது படபடக்கும், வாயு கசியும். ஆதலின் எடை குறைந்த மெல்லிய வளையத்தையே நாடுவர். அதனை உருளைக்குள் நேராக வைத்து, இரு முனைகளுக்கும் இடையே அளவுத் தகட்டைச் செருகி அளப்பர். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் சாதாரண எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பந்தய எஞ்சினில் வெப்பம் மிகுதியாதலின் சற்றுக் கூடுதலாக விடுவர். இடைவெளி குறைந்திருந்தால் முனையை மெல்ல அராவுவர்.

இடைவெளியின்றி இறுக்கமாக அமைத்தால் நல்லதன்றோ எனச் சிலர் வினவலாம். சூடேறிய வளையம் நீளும், முனைகள் முட்டும், உருளைச் சுவர் கீறுண்டு பிஸ்டன் இறுகிவிடும்.

1998இல் பாசிர் கூடாங்கில் ஓடிய 500 சி.சி. எஞ்சின்கள் டூ ஸ்ட்ரோக் வகையின. அவற்றின் உருளைச் சுவரில் வாயு புகவும் வெளியேறவும் துளைகள் உண்டு. வளையம் சுழன்று முனை துளையிற் சிக்கினால் ஒடிந்துவிடும். எனவே பள்ளத்தில் சிறு முளையொன்றை அமைத்து, முனைகளை அங்கேயே நிறுத்துவர்.

படிப்பில் பின்தங்கிய மாணவனைக் கண்டால், "பட்டறைக்குப் போகட்டும்" என்று ஆசிரியராகிய நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னதுண்டு. ஆனால் அங்கே அவனுக்குக் காத்திருப்பது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பிழையறக் காணும் வேலை. தசமக் கணக்கைக் கற்பிக்காமல் அவனை அனுப்புவது நம் குறையேயன்றி அவன் குறையன்று.