முத்திரை குத்தினால்தான் மதிப்பு! (1923 ஜெர்மனி)

ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களிடம் பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. புது ஸ்டாம்ப் என்றால் விலை அதிகம், முத்திரை குத்தியது என்றால் குறைவு. பெரும்பாலும் சரிதான். ஆனால் 1923-ம் வருடத்து ஜெர்மன் ஸ்டாம்புகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்! புதுசு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதே ஸ்டாம்ப் அந்த நாளில் நிஜமாகவே தபாலில் போய் முத்திரை வாங்கியிருந்தால் பல மடங்கு விலை. காமர்ஸ் மாணவனுக்கு இதைவிட சுவாரசியமான கேஸ் கிடைக்குமா என்ன?

முதலில் கொஞ்சம் சரித்திரம். முதல் உலகப் போரின் செலவும் நஷ்ட ஈடும் ஏற்கெனவே ஜெர்மனியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியை ஆக்கிரமித்தன. எதிர்ப்புக் காட்டி வேலைக்குப் போகாத தொழிலாளர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. பணம் எங்கிருந்து? நோட்டு அச்சடித்துத்தான். அதன் பலனை தபால் கட்டணத்திலேயே பார்க்கலாம். வெளியூருக்கு 20 கிராம் வரை உள்ள ஒரு சாதாரணக் கடிதத்துக்கு:

- போருக்கு முன்: 10 ஃபெனிக் (100 ஃபெனிக் = 1 மார்க்)
- மார்ச் 1, 1923: 100 மார்க்
- செப்டம்பர் 1: 75,000 மார்க்
- அக்டோபர் 1: 20 லட்சம்
- நவம்பர் 1: 10 கோடி
- நவம்பர் 12: 1,000 கோடி
- நவம்பர் 26: 8,000 கோடி
- டிசம்பர் 1: 10,000 கோடி

தலை சுற்றுகிறதா? தபால் துறைக்கும் சுற்றியது. பழைய 200 மார்க் ஸ்டாம்பின் மேலேயே 20 லட்சம் என்று அச்சடித்து விற்றார்கள். கடைசியில் 5,000 கோடி மார்க் ஸ்டாம்ப் வரை வந்துவிட்டது. பல ஸ்டாம்புகள் சில நாட்களிலேயே கடிதத்துக்குப் பயன்படாத அளவுக்குச் சின்ன தொகையாகிவிட்டன. விற்காத தாள்கள் மலையாகத் தேங்கின. ஆக, புதுசுக்கு சப்ளை ஏராளம், உபயோகித்ததுக்கு சப்ளை குறைவு. விலை தலைகீழானதன் ரகசியம் இவ்வளவுதான்.

சரி, அப்படி ஒரு முத்திரையை எப்படி எடை போடுவது?

1. தேதி படிக்க வேண்டும். ஊர்ப் பெயரும் நாளும் தெளிவாக விழுந்திருந்தால் நல்ல மதிப்பு. மை அப்பி இருந்தாலோ, ஓரத்தில் பாதி வட்டம் மட்டும் இருந்தாலோ மதிப்பு இறங்கும்.

2. தேதி பொருந்த வேண்டும். ஸ்டாம்ப் வெளியான நாளுக்கு முன் தேதி என்றால் நிச்சயம் தில்லுமுல்லு. அது செல்லாமல் போன பிறகு சேகரிப்பாளருக்காகக் குத்தித் தந்த முத்திரைக்கும் மதிப்பில்லை.

3. முழுக் கவராக இருந்தால் மேல். கவரில் ஒட்டியிருக்கும் மொத்தத் தொகையும் அன்றைய கட்டணமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். கவரிலிருந்து பிரித்துவிட்டால் பாதி சாட்சியம் போச்சு.

இதில் மூன்றாவதுக்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. நவம்பர் 26-ல் கட்டணம் ஒரேயடியாக நாலு மடங்கானது. அதற்கேற்ற புது ஸ்டாம்ப் கைவசம் இல்லை. அதனால் நவம்பர் 30 வரை, அந்த ஐந்து நாளும், எந்த ஸ்டாம்பும் அச்சிட்டதைப் போல நாலு மடங்கு விலைக்கு விற்கப்பட்டு, அதே மதிப்புக்குச் செல்லும் என்று அறிவித்தார்கள். அதாவது 2,000 கோடி ஸ்டாம்ப் ஒட்டிய கவரில் நவம்பர் 25 தேதி இருந்தால் மதிப்பு 2,000 கோடி. 26 என்று இருந்தால் அதே ஸ்டாம்ப் 8,000 கோடி! கவரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முத்திரையில் இருக்கும் ஒரே ஒரு எண். சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குவது இந்த ஐந்து நாள் கவர்களைத்தான்.

லாபம் இருக்கும் இடத்தில் மோசடியும் வரும் இல்லையா? மலிவான புது ஸ்டாம்பை வாங்கி போலி முத்திரை குத்தி விற்பது அன்றிலிருந்தே நடக்கிறது. அதனால்தான் ஜெர்மன் கேட்லாக்கில் இந்த உபயோகித்த ஸ்டாம்புகளுக்குப் போட்டிருக்கும் விலை, நிபுணர் சோதித்த பிரதிக்கு மட்டுமே பொருந்தும். 'இன்ஃப்லா பெர்லின்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் நிபுணர்கள் ஸ்டாம்பின் பின்பக்கம் சின்னதாகத் தங்கள் முத்திரையைப் பதிப்பார்கள். முத்திரைக்கே ஒரு முத்திரை! அது இல்லாமல் கேட்லாக் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆடிட்டிங் வகுப்பில் தேதி இல்லாத வவுச்சரை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். அது ஏன் என்று எனக்கு உறைத்தது இந்த ஸ்டாம்புகளைப் பற்றிப் படித்தபோதுதான். நவம்பர் 20, 1923 அன்று ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் முழுக்க வங்கியில் சேர்த்தவர்களின் பாஸ்புக்கில் எண் மாறவே இல்லை, ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு கடிதம் கூடப் போட முடியவில்லை. ஸ்டாம்பில் அச்சிட்ட எண்ணும் அப்படித்தான். அது எத்தனை கோடியாக இருந்தாலும், எந்த நாளில் என்று தெரியாவிட்டால் வெறும் சைபர்கள். அந்த நாளைச் சொல்வது முத்திரை மட்டும்தான்.

டிசம்பர் 1 முதல் புதிய ரென்டன்மார்க் கணக்கில் கடிதக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? மறுபடியும் அதே 10 ஃபெனிக். கட்டணம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, சேமிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.