காப்புக் கட்டிய பிறகு வரும் சாவு

பொங்கல் முடிந்த கையோடு வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் காளை விடும் விழா தொடங்கிவிடும். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு, நாட்டறம்பள்ளி என்று இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர் என வாரக்கணக்கில் நீளும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டைப் போல இங்கே திமிலை அணைவது ஆட்டமில்லை. இருபுறமும் தடுப்புக் கட்டிய தெருவில் காளை தனியாக ஓட வேண்டும். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று பார்த்துப் பரிசு. கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் காளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இப்படி நாள் குறித்து, பந்தல் போட்டு, காளைகளும் வந்து சேரும் நேரத்தில் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்விதான் இது. பதிலை அங்கெல்லாம் தேடுவதற்கு முன்னால், பாலாற்றங்கரை ஊர்கள் சாவையும் திருவிழாவையும் எப்படிச் சேர்த்துச் சமாளித்தன என்று பார்ப்பது நல்லது. அந்த வழக்கத்தில் ஒரு தெளிவான அளவு இருக்கிறது. இன்றைய அரசாணைகளும் விளையாட்டுச் சங்கங்களும் அந்த அளவைத் தொலைத்துவிட்டன என்பதே என் வாதம்.

ஊருக்குள் பிணம் கிடக்கும்வரை கோயில் நடை திறக்காது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களைப் போல இந்தப் பக்கத்திலும் உள்ள கட்டுப்பாடு அது. இறந்தவர் பணக்காரரா கூலியாளா என்று அது பார்ப்பதில்லை. மேளம் நிற்கும், பூசை நிற்கும், தேர் கிளம்பாது. பிணம் எடுத்த பிறகு தெருவைக் கழுவி, கோயிலில் மஞ்சள் நீர் தெளித்து, விட்ட இடத்திலிருந்து விழா தொடரும். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விழாவை நடத்தி முடித்தே ஆக வேண்டும். நடுவில் சாவு விழுந்தால் அடக்கத்தை விரைவுபடுத்துவார்களே தவிர, காப்பை அவிழ்க்க மாட்டார்கள். தீட்டு பங்காளிகளுக்கு மட்டும். அவர்கள் கோயிலுக்கு வராமல் ஒதுங்கி நிற்பார்கள், கருமாதி வரை காத்திருப்பார்கள், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைப்பதுகூட இல்லை. ஆனால் அவர்கள் பொங்கல் வைக்கவில்லை என்பதற்காக எதிர்வீட்டுக்காரர் அடுப்பை அணைப்பதில்லை. துக்கம் யாருடையதோ அவருக்கு நீண்ட காலம், ஊருக்குப் பிணம் எடுக்கும்வரை. இந்த இரண்டு அளவுகளையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்திருந்ததில்தான் அந்த வழக்கத்தின் நாகரிகம் இருக்கிறது.

பாலாற்றங்கரையின் தோல் நகரங்களில் வேறொரு மரபு இதே முடிவுக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகியவை முஸ்லிம் வணிகர்கள் கட்டி எழுப்பிய தொழில் நகரங்கள். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்ய வேண்டும் என்பது இஸ்லாமிய நடைமுறை. கணவனை இழந்த மனைவியைத் தவிர மற்ற எவரும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் கொண்டாடுவது கூடாது என்பதும் அதில் உண்டு. இங்கேயும் நெருங்கியவருக்கு ஓர் அளவு, மற்றவருக்கு வேறோர் அளவு. தோல் தொழிலும் தன் பங்குக்கு ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்தது. உப்பிட்டு வந்த பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டால், பிறகு அது எந்தத் தலைவரின் மரணத்துக்காகவும் காத்திருக்காது. ஊறல் நாள் தப்பினால் அழுகல் பிடிக்கும். சுண்ணாம்புக் குழியில் கிடப்பதும் குறித்த காலத்தில் மேலே வந்தாக வேண்டும். கடையடைப்பு நாளில் வாசலில் பூட்டுத் தொங்கினாலும், உள்ளே யாராவது இறங்கித் தோலைப் புரட்டியாக வேண்டும். வேலையை நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பது இங்கே எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரசு அறிவிக்கும் துக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவது, இத்தனை நாள் என்று ஆணை போடுவது எல்லாம் ஆங்கிலேய அரசின் அலுவலக நடைமுறையில் வேர் கொண்டவை. காந்தி இறந்தபோது பதின்மூன்று நாள். ஜெயலலிதா இறந்த 2016 டிசம்பரிலும் கருணாநிதி இறந்த 2018 ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் ஏழு நாள். மன்மோகன் சிங்குக்கு 2024 டிசம்பரில் நாடு முழுவதும் ஏழு நாள். இந்த ஆணைகளைப் படித்தால் ஒன்று புலப்படும். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும், அரசு சார்பிலான கேளிக்கை நிகழ்ச்சிகள் இருக்காது என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு கிராமத்தின் காளை ஓட்டத்தையோ ஒரு பள்ளித் திடலின் கபடிப் போட்டியையோ அவை தடை செய்வதில்லை. அப்படியும் போட்டிகள் ரத்தாகின்றன. அதற்குப் பல நேரம் காரணம் பயம். எந்தக் கட்சிக்காரர் வந்து என்ன கேட்பாரோ, போலீஸ் என்ன சொல்லுமோ என்கிற பயம். பயத்தில் செய்வதை மரியாதை என்று எழுதி வைப்பது இறந்தவருக்கும் பெருமை சேர்க்காது.

காந்தியின் பதின்மூன்று நாள் துக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜனவரி 30-இல் அவர் சுடப்பட்டபோது, சுதந்திர இந்தியாவின் முதல் கிரிக்கெட் அணி லாலா அமர்நாத் தலைமையில் ஆஸ்திரேலியாவில் இருந்தது. மெல்போர்னில் ஐந்தாவது டெஸ்ட் பிப்ரவரி 6-இல் தொடங்கியது. அஸ்தி அலகாபாத்தில் கரைக்கப்பட்டது 12-இல்தான். அதாவது இந்தியா முழுவதும் துக்கத்தில் இருந்த நாட்களில் இந்திய அணி ஆடியது. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 111 ரன் எடுத்தார். காந்தியை மதிக்காமல் அவர்கள் ஆடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சுடப்பட்ட மறுநாளே உடல் எரியூட்டப்பட்டுவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்த்தாலும் அது சரியான முடிவு.

அதைவிட நுட்பமான உதாரணம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1952 பிப்ரவரி 6, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான தொடரின் கடைசி டெஸ்டின் முதல் நாள். அன்றுதான் மன்னர் ஆறாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்ஹாமில் இறந்தார். இந்தியா குடியரசாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் நமக்கு மன்னரில்லை. சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்கள் நிறைந்த நகரம் சென்னை. ஆட்டத்தை அப்படியே தொடர்ந்திருந்தால் சட்டப்படி ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. மாறாக, ஆட்டத்தையே கைவிட்டிருந்தால் வெள்ளைக்கார எசமானுக்கு இன்னும் தலைவணங்குகிறார்கள் என்ற பழி வந்திருக்கும். சென்னை இரண்டையும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் டெஸ்டின் நடுவே ஓய்வு நாள் ஒன்று உண்டு. அதை முன்னால் நகர்த்தி 7-ஆம் தேதியை ஆட்டமில்லா நாளாக்கினார்கள். எதிரே நின்று ஆடிய பதினொரு பேரும் தங்கள் மன்னரை இழந்திருந்தார்கள். அவர்களின் துக்கத்துக்கு ஒரு நாள் கிடைத்தது, பார்க்க வந்தவர்களுக்கு ஆட்டமும் மிஞ்சியது. 8, 9, 10 தேதிகளில் ஆட்டம் தொடர்ந்து, மெல்போர்னில் சதமடித்த அதே மன்கட் மொத்தம் பன்னிரண்டு விக்கெட் எடுக்க, இந்தியா ஓர் இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1932-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய நாட்டுக்கு அதுவே முதல் வெற்றி. துக்கத்தின் பேரில் அந்த ஆட்டம் ரத்தாகியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1984-ஆம் வருஷம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அக்டோபர் 31 அன்று பாகிஸ்தானின் சியால்கோட்டில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. 3 விக்கெட்டுக்கு 210 ரன், வெங்சர்க்கார் 94 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். இந்திரா காந்தி கொல்லப்பட்ட செய்தி வந்ததும் ஆட்டம் கைவிடப்பட்டது, சுற்றுப்பயணமும் முடிந்தது. அது சரி. சாவு விழுந்த வீட்டுக்காரர்களே ஆடுகளத்தில் இருந்தார்கள். நான்கு வாரம் கழித்து, நவம்பர் 27-இல், பம்பாயில் பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். முந்தின நாள் மாலைதான் அவர் இங்கிலாந்து அணிக்கு விருந்து வைத்திருந்தார். அந்த வீரர்களில் பலர் ஆடும் மனநிலையில் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை வான்கடேயில் டெஸ்ட் தொடங்கியது. சென்னைப் பையன் லட்சுமண் சிவராமகிருஷ்ணன், பதினெட்டு வயதில், பன்னிரண்டு விக்கெட் எடுத்து இந்தியாவை வெல்ல வைத்தார். அந்தச் சாதனை இன்றும் நமக்குப் பெருமைதான். ஆனால் விருந்து கொடுத்தவர் இறந்து ஒரு நாள்கூடக் கழியாமல் ஆட வைத்தது முறையில்லை. முப்பத்திரண்டு வருஷம் முன்பு சேப்பாக்கம் காட்டிய வழி கண்முன்னே இருந்தது. ஒரு நாள் தள்ளியிருக்கலாம். தலைவரின் பதவி எவ்வளவு பெரியது என்று பார்த்தால் நாரிஸ் சிறியவர். துக்கம் யாருக்கு எவ்வளவு அருகில் என்று பார்த்தால், அன்று அந்த மைதானத்தில் அவரைவிட நெருக்கமானவர் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தலைவர் என்பவர் வெறும் பதவியில் இருப்பவர் அல்லர், அண்ணாவுக்கும் எம்.ஜி.ஆருக்கும் மொட்டை போட்டுக்கொண்ட ஆண்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு. அவர்களுக்கு அது சொந்த வீட்டுச் சாவு. அப்படியானால் ஊர் முழுவதுமே பங்காளிதானே என்று கேட்கலாம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. உடல் மண்ணுக்குள் போகும்வரை ஆட்டம் எதுவும் வேண்டாம் என்பதற்கு இதுவே போதிய காரணம். 1963 நவம்பர் 22-இல் கென்னடி கொல்லப்பட்ட பிறகு, அவருடைய உடல் அடக்கமாகும் முன்பே, ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் தன் ஆட்டங்களை நடத்தியது. அதன் தலைவர் பீட் ரோசெல் அந்த முடிவுக்காகப் பிற்பாடு வருந்தினார். வருந்த வேண்டியதுதான். ஆனால் அடக்கத்துக்குப் பிறகும் ஊரையே பங்காளியாக்கி வைப்பது, மொட்டை போட்டவரின் துக்கத்தை மொட்டை போடாதவர் மீது சுமத்துவதாகும். உண்மையில் துக்கம் காப்பவர் தன் காளையை ஓட விட வேண்டாம், அதை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் இறந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 11-இல் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. நரேந்திர ஹிர்வானி அதில் 16 விக்கெட் எடுத்தார். எம்.ஜி.ஆரின் ரசிகர்களும் அந்த அரங்கில் இருந்திருப்பார்கள்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவது இன்னொரு வாதம். ஒரு தலைவர் இறந்தால் மாவட்டத்துப் போலீஸ் முழுவதும் சாலைக்குப் போய்விடும். காளை ஓடும் தெருவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆளிருக்காது. ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், வேலூர் வழியாக ஆம்பூருக்கு வரும் அதே சாலையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் இந்தச் சாலையோரத்து ஊர்களில் என்ன நடக்கும் என்ற அச்சம் வீண் அச்சமில்லை. இந்தக் காரணத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் இது துக்கமில்லை, போலீஸ் ஏற்பாடு. போலீஸ் திரும்பி வந்ததும் காரணம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் படுகொலைக்குப் பிறகு மீதமிருந்த தேர்தலையே தேர்தல் ஆணையம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்ததே தவிர, ரத்து செய்யவில்லை. வாக்குப் பதிவுக்குச் செய்ய முடிந்ததை ஒரு காளை ஓட்டத்துக்குச் செய்ய முடியாதா?

2022 செப்டம்பரில் ராணி எலிசபெத் இறந்தபோது இங்கிலாந்தே இரண்டு விதமாக நடந்துகொண்டது. கால்பந்துச் சங்கம் சிறுவர்களின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வரை எல்லாவற்றையும் நிறுத்தியது. ஓவல் மைதானத்தில் கிரிக்கெட்காரர்கள் வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு, சனிக்கிழமை கூட்டம் முழுவதும் எழுந்து மௌனமாக நின்ற பிறகு ஆடினார்கள். அஞ்சலி செலுத்த மக்களுக்கு ஓர் இடம் கிடைத்தது அங்கேதான். வீட்டில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

நம் காளை விடும் விழாவுக்குத் திரும்பினால், சிக்கல் எங்கே புதிதாக வந்தது என்று தெரியும். முன்பு நாளைக் குறித்ததும் தள்ளியதும் ஊர்ப் பெரியவர்கள். சாவு விழுந்தால் உட்கார்ந்து பேசி அடுத்த நாளோ அடுத்த வாரமோ என்று முடிவு செய்வார்கள். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு போன்ற காளை விழாக்களுக்குத் தடை விதித்தது. ஜெயலலிதா இறந்து ஆறு வாரத்தில், 2017 ஜனவரியில், மெரினாவில் கூடிய கூட்டம் அந்தத் தடையை உடைத்தது. அன்று இயற்றிய சட்டத் திருத்தம் எருது விடும் விழா என்ற பெயரில் இதையும் சேர்த்துக்கொண்டது; 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. விழா பிழைத்தது. ஆனால் இப்போது அது ஜனவரி முதல் மே வரை மட்டும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியோடு, கால்நடை மருத்துவர் பரிசோதித்து, குறித்த நாளில் நடக்க வேண்டும். அந்த நாள் போனால் மறுபடி மனு, மறுபடி ஆய்வு, மறுபடி காத்திருப்பு. பந்தல்காரருக்கும் தடுப்புக் கட்டியவருக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவரின் சம்பளமும் அப்படியே. ஊர் ஒத்திவைப்பாகச் செய்து வந்தது அலுவலகத்தில் ரத்தாக மாறிவிடுகிறது.

ஆகவே மாற்றம் தேவைப்படுவது அந்த அனுமதித் தாளில். விழா நாளை எழுதும்போதே, அந்தக் காலகட்டத்துக்குள் ஒரு மாற்று நாளையும் ஆட்சியர் அலுவலகம் எழுதித் தரட்டும். மாநிலமோ நாடோ துக்கம் அறிவித்தால், அடக்கம் முடியும்வரை வாடிவாசல் திறக்காது என்று அதிலேயே ஒரு வரி இருக்கட்டும். அடக்கத்துக்கு மறுநாளிலிருந்து, போலீஸ் இருந்தால், ஊர் முதல் நாளையோ மாற்று நாளையோ தானே தேர்ந்துகொள்ளலாம். புதிய மனு வேண்டாம், காளைகளை மருத்துவர் அன்று காலை பார்த்தால் போதும்.