மலைத் தாவர நலமும் தொலையுணர்வும்

மலைச்சரிவுகளில் உள்ள காடு, புல்வெளி, தோட்டம் ஆகியவற்றின் நிலையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிடும் முறை இது. ஆள் ஏற முடியாத சரிவையும் ஆண்டுதோறும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பது இதன் பெரும்பயன். 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளிலிருந்து தொடர்ச்சியான படங்கள் கிடைக்கின்றன. 2015-இல் வந்த சென்டினல்-2, சில அலைப்பட்டைகளில் தரையை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

நலமான இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இலையின் உள்திசு அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டு எதிரொளிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ எனும் தாவரக் குறியீடு கிடைக்கும். ஒரு சரிவு சிவப்பில் 5 விழுக்காடும் அகச்சிவப்பில் 45 விழுக்காடும் எதிரொளித்தால் குறியீடு 0.8. அதே சரிவு வாடி, அளவுகள் 15, 30 என்று மாறினால் 0.33 ஆகிவிடும். இலையின் ஈரத்தை அறியக் குற்றலை அகச்சிவப்பு உதவுகிறது.

சமவெளியில் எளிதாக முடியும் இக்கணக்கு மலையில் தடுமாறும். செயற்கைக்கோள் காலை பத்து, பத்தரை மணியளவில் கடக்கும்போது, குறிப்பாகக் குளிர்காலத்தில், வடமேற்குச் சரிவுகள் நிழலில் கிடக்கும். குறியீடு ஒரு விகிதம் என்பதால் நிழலின் பிழை ஓரளவு குறையும். மீதியை உயர மாதிரி கொண்டு திருத்த வேண்டும். பருவமழை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவினாலும், செங்குத்துச் சரிவுகளில் அவற்றின் படம் சிதைந்து விழுகிறது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், பசுமையையே நலம் என்று படிப்பது. பழனி மலையின் மேற்பகுதி இதற்குச் சரியான சான்று. அங்கே இயற்கை அமைப்பு என்பது பள்ளங்களில் சோலையும் சுற்றிலும் புல்வெளியும். அந்தப் புல் உறைபனியில் கருகும், கோடையில் காயும், மழைக்குப்பின் தளிர்க்கும். அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை, தைலம், பைன் மரங்களோ ஆண்டு முழுவதும் இலையோடு நிற்பவை. பிப்ரவரி மாதப் படம் ஒன்றை மட்டும் எடுத்துக் குறியீட்டைப் பார்த்தால், புல்வெளி நோயாளியாகவும் சீகைக்காடு ஆரோக்கியமாகவும் தெரியும். உண்மை நேர்மாறானது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளி நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைக் காட்டியது. மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே காரணம். பரவிக்கொண்டே போன அந்தப் பசுமைதான் மலையின் இழப்பு.

ஆகவே முதலில் எது சோலை, எது புல்வெளி, எது தோட்டம் என்று வகைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வோர் இடத்தையும் அதே மாதத்தில் அதன் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கத்தை வரைந்தால், ஏறி இறங்கும் புல்லை, பெரிதும் மாறாத மரக்கூட்டத்திலிருந்து பிரித்துவிடலாம். சோலையையும் சீகையையும் பிரிப்பது கடினம். அங்கு களத்துக்குப் போய்ச் சரிபார்ப்பதைத் தவிர்க்க முடியாது. மலைப்பகுதியின் பசுமை வரைபடம் ஒன்றைப் பார்ப்பவர்கள், அது எந்த மாதத்துப் படம், வகைப்பாடு செய்யப்பட்டதா என்ற இரண்டையும் கேட்காமல் அதை நம்ப வேண்டாம்.