ஒரு 5 சென்ட் கதை: ஹாங்காங்கை மலிவாக்கினது யாரு?

(ஒலி எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுல நான் ஹாங்காங் போயிட்டு வந்ததைச் சும்மா ஒரு வரியில சொன்னேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "அது பணக்காரங்க ஊராச்சே, உனக்கு எப்படிக் கட்டுப்படியாச்சு?"

நியாயமான கேள்வி. 2024-ல ஆறு நாள் இருந்தேன். தங்குறது, சாப்பிடுறது, சுத்துறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 350 ஹாங்காங் டாலர்னு கணக்கு வச்சுக்கிட்டேன். நம்ம காசுக்கு 3,700 ரூபாய் மாதிரி வரும். அந்த ஊர்ல இது ரொம்பச் சின்னத் தொகை. ஆனா சமாளிச்சுட்டேன். ஊருக்கு வந்து நண்பர்கள்கிட்ட அதைப் பெருமையாவும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இன்னைக்கு டிப்ஸ் சொல்லப் போறதில்லை. சரி, ஒண்ணு ரெண்டு சொல்றேன். ஆனா விஷயம் வேற. நான் பயன்படுத்தின ஒவ்வொரு மலிவான பொருளுக்குப் பின்னாடியும் ஒரு வரலாறு இருந்தது. அதுல ஒண்ணு, வெறும் 5 சென்ட்டுக்காக ஊரே தீப்பிடிச்ச கதை.

முதல்ல படகு.

ஹாங்காங் ஊரை ரெண்டா பிரிச்சு நடுவுல கடல் ஓடுது. ஒரு பக்கம் ஹாங்காங் தீவு, எதிர்ப்பக்கம் கவ்லூன். நடுவுல இருக்கிற துறைமுகத்தை ஸ்டார் ஃபெர்ரி படகுல கடக்கலாம். ரெண்டு தளம் உண்டு. நான் போனப்போ வார நாள்ல மேல்தளம் 5 டாலர், கீழ்த்தளம் 4 டாலர். கீழ்த்தளத்துல எஞ்சின் சத்தமும் டீசல் வாசனையும் இருக்கும். ஆனா தண்ணி கைக்கெட்டுற தூரத்துல தெரியும். நாப்பத்திச் சொச்சம் ரூபாய்க்கு உலகத்தோட பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணைக் குறுக்கே கடந்துடலாம். நான் ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை சும்மாவே போய் வந்தேன்.

இந்தப் படகை ஆரம்பிச்சவர் ஒரு பார்சி. பேரு தோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. பம்பாயில் இருந்து 1852-ல் ஹாங்காங் போய் இறங்கியவர். பேக்கரி வச்சார், ஹோட்டல் நடத்தினார், கடைசியில 1888-ல் கவ்லூன் ஃபெர்ரி கம்பெனியைத் தொடங்கினார். பத்து வருஷம் கழிச்சு அதை வாங்கினவர் பால் சேட்டர். கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர். 1898-ல் கம்பெனியோட பேரு ஸ்டார் ஃபெர்ரின்னு ஆச்சு. ஆக, பம்பாய்க்காரர் ஒருத்தரும் கல்கத்தாக்காரர் ஒருத்தரும் உருவாக்கின சர்வீஸ் இது.

இப்போ ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. கடலுக்கு அடியில போற சுரங்கப் பாதை திறந்ததே 1972 ஆகஸ்ட்லதான். துறைமுகத்துக்குக் கீழே மெட்ரோ ரயில் வந்தது 1980-ல். அதுக்கு முன்னாடி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகை விட்டா வேற வழியில்லை. வேலைக்குப் போகணுமா, படகு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, படகு. நமக்கு அது இன்னைக்கு ஃபோட்டோ எடுக்கிற இடம். அன்னைக்கு அது டவுன் பஸ்.

இனி 1966-க்குப் போவோம்.

மேல்தளம் முதல் வகுப்பு, கட்டணம் 20 சென்ட். கீழ்த்தளம் இரண்டாம் வகுப்பு, 10 சென்ட். கம்பெனி முதல் வகுப்பை 25 சென்ட்டா உயர்த்தணும்னு அரசாங்கத்துக்கிட்ட கேட்டது. கீழ்த்தளக் கட்டணத்துல கை வைக்கலை. கேட்டா, "இதுக்கா கலவரம்?"னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

அன்னைக்கு இருந்த ஊரைப் பார்த்தா புரியும். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ ஹாங்காங் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். சீனாவில் உள்நாட்டுப் போர், 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி. எல்லை தாண்டி வந்த அகதிகளால் அறுபதுகளின் நடுவுல ஊர்ல 35 லட்சம் பேருக்கு மேல். தொழிற்சாலைகள் நிறைய, கூலி கம்மி. ஆட்சி பிரிட்டிஷ் கவர்னர் கையில். சாதாரண ஆளுக்கு ஓட்டு கிடையாது. அரசாங்க மொழி ஆங்கிலம் மட்டும். ஊர்ல பெரும்பாலானவங்க பேசுறது கான்டனீஸ். வாடகை, சாப்பாடு எல்லாம் ஏறிக்கிட்டிருந்த நேரம். ஒரு கட்டணத்தை ஏத்த விட்டா, பின்னாலேயே பஸ், டிராம்னு எல்லாம் ஏறும்னு மக்கள் பயந்தாங்க.

அப்போ எதிர்ப்புக் குரல் கொடுத்தவர் எல்சி எலியட். இங்கிலாந்துல பிறந்தவர், மிஷனரியா வந்து அதை விட்டு விலகி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கூடாரத்துல பள்ளிக்கூடம் தொடங்கினவர். நகர மன்றத்துக்குத் தேர்தல்ல ஜெயிச்சு வந்தவர். கட்டண உயர்வைப் பரிசீலிச்ச போக்குவரத்து ஆலோசனைக் குழுவுல எதிர்த்தவர் இவர் ஒருத்தர்தான். உயர்வுக்கு எதிரா ஆயிரக்கணக்கான கையெழுத்துகளையும் திரட்டினார்.

1966 ஏப்ரல் 4. தீவுப் பக்கத்துல எடின்பரோ பிளேஸ்ல இருந்த படகுத்துறை. இருபதுகள்ல இருந்த ஒரு இளைஞர் அங்கே வந்து உண்ணாவிரதம் தொடங்கினார். பேரு சோ சௌ-சுங். கறுப்பு ஜாக்கெட்ல தானே வெள்ளை எழுத்துல எழுதியிருந்தார்: "எல்சி வாழ்க", "கட்டண உயர்வைத் தடுக்க உண்ணாவிரதத்தில் சேருங்கள்". கட்சி இல்லை, மைக் இல்லை. தனி ஆள்.

அவர் சாப்பிடாம உட்கார்ந்ததைக் கூட்டம் கூடிப் பார்த்தது. மறுநாளே போலீஸ் அவரைக் கைது பண்ணிட்டுப் போச்சு. அன்னைக்கு ராத்திரி இளைஞர்கள் கவ்லூன்ல நேதன் ரோடுல ஊர்வலம் போனாங்க. அடுத்தடுத்த ராத்திரிகள்ல அது கலவரமா மாறுச்சு. கல்வீச்சு, தீ வைப்பு, கண்ணீர்ப்புகை, ஊரடங்கு. ராணுவம் தெருவுக்கு வந்தது. அடங்கினப்போ ஒருத்தர் இறந்திருந்தார்; 1,400 பேருக்கு மேல கைதாகியிருந்தாங்க. நிறையப் பேரு ரொம்பச் சின்ன வயசு.

அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டுச்சு. வெளியில இருந்து யாரும் சதி பண்ணலைன்னு கமிஷன் சொன்னது. அரசுக்கும் மக்களுக்கும் நடுவுல இருந்த இடைவெளி, இளைஞர்களோட விரக்தி, பொருளாதார நெருக்கடி இதெல்லாம் பின்னணியில இருந்ததை அது பதிவு பண்ணியது.

இதை ஒரு வெற்றிக் கதையா நான் சொல்லலை. அடுத்த வருஷமே, 1967-ல், இதைவிடப் பெரிய கலவரம் வந்தது. அது வேற மாதிரி. சீனாவின் கலாச்சாரப் புரட்சியோட தொடர்புள்ள இடதுசாரிகள் நடத்தினது. குண்டுகள் வெடிச்சுது, 51 பேர் இறந்தாங்க. இந்த ரெண்டு வருஷமும் சேர்ந்துதான் காலனி அரசை அசைச்சதுன்னு வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்றாங்க. 1968-ல் மக்கள் குறை கேட்க மாவட்ட அதிகாரிகள் வந்தாங்க. 1971-ல் தொடக்கக் கல்வி இலவசம். 1972-ல் 18 லட்சம் பேருக்கு வீடு கட்டும் பத்தாண்டுத் திட்டம். 1974-ல் சீன மொழியும் ஆட்சி மொழி.

சரி, நேதன் ரோடுன்னு சொன்னேன்ல? நான் தங்கினதே அந்த ரோட்லதான்.

சுங்கிங் மேன்ஷன்ஸ். பட்ஜெட்ல ஹாங்காங் போற யாருக்கும் தெரிஞ்ச பேரு. 1961-ல் கட்டின 17 மாடிக் கட்டடம், உள்ளே ஐந்து பிளாக். கலவரம் நடந்தப்போ அது அஞ்சு வயசுக் கட்டடம். கீழே பணம் மாத்துற கடை, செல்போன் கடை, சமோசா, பிரியாணி. மேலே ஒவ்வொரு மாடியிலும் சின்னச் சின்ன விடுதிகள். கார்டன் மேத்யூஸ்னு ஒரு மானுடவியலாளர் இந்த ஒரே கட்டடத்தைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கார், 2011-ல். அங்கே தங்கிப் போனவங்க பதிவேட்டைப் பார்த்து 129 நாட்டுக்காரங்கன்னு கணக்கு எடுத்தார். இந்த வட்டாரத்துல தமிழும் காதுல விழும். ரத்தினக்கல் வியாபாரத்துக்காகக் காயல்பட்டினத்துல இருந்து வந்த குடும்பங்கள் ஹாங்காங்கில் பல காலமா இருக்காங்க.

என் ரூம் எப்படின்னா, கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டே மூணு சுவரையும் தொடலாம். குளியலறையில கம்மோடுக்கு மேலேயே ஷவர். நான் விடுதிக்காரர்கிட்ட பேரம் பேசி ராத்திரிக்கு 20 டாலர் குறைச்சேன். ரொம்ப சந்தோஷம்.

அன்னைக்கு நடு ராத்திரி தண்ணி பாட்டில் வாங்கக் கதவைத் திறந்தேன். நடைபாதையில ஒரு மடக்குக் கட்டில். காலையில எனக்கு சாவி கொடுத்த அதே அண்ணன் அதுல படுத்திருந்தார். நான் தாண்டிப் போகணும்னு காலை மடக்கிக்கிட்டு, "ஜாயியே பாய்"ன்னார். அவர் தூங்குற இடமே அதுதான். அந்த 20 டாலர் அவருடைய சம்பளத்துல இருந்துதான் போச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா என் பட்ஜெட் கணக்குல அவர் படுத்திருக்கிற அந்த ரெண்டடி அகல நடைபாதையும் இருக்குன்னு புரிஞ்சது. அடுத்த நாள் பேரம் பேசுற தைரியம் வரலை.

கடைசி ராத்திரி பட்ஜெட்டைக் கொஞ்சம் மீறி இடம் மாத்தினேன். ஷாம் ஷூய் போ பக்கத்துல மெய் ஹோ ஹவுஸ். இளைஞர் விடுதி. ஆனா அந்தக் கட்டடம் விடுதியாகிறதுக்கு முன்னாடி என்னவா இருந்ததுன்னு கேளுங்க.

1953 கிறிஸ்துமஸ் ராத்திரி, ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில தீ. ஒரே ராத்திரியில 50,000 பேருக்கு மேல வீடிழந்தாங்க. அவங்களுக்காக அரசு அவசரமாக் கட்டின மறுகுடியேற்ற பிளாக்குகள்ல ஒண்ணுதான் இது, 1954-ல் கட்டினது. மேலேயிருந்து பார்த்தா ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். நடுக் கோட்டுல பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். ரெண்டு பக்கமும் வரிசையா அறைகள். ஒரு அறை சுமார் 120 சதுர அடி. அதுல ஐந்து பெரியவங்க. சமையல் வாசல்ல. 2013-ல் இதை விடுதியாவும் சின்ன அருங்காட்சியகமாவும் மாத்தினாங்க.

அருங்காட்சியகத்துல அந்த அறையை அப்படியே வச்சிருக்காங்க. இரட்டைக் கட்டில், தையல் மெஷின், பிளாஸ்டிக் வாளி. பார்த்ததும் சோ சௌ-சுங் ஞாபகம்தான் வந்தது. 5 சென்ட் பெரிசான்னு முதல்ல கேட்டேன் இல்லையா? ஐந்து பேரு 120 சதுர அடியில படுத்து எழுந்து வேலைக்குப் போற ஊர்ல அது பெரிசுதான்.

இது முடிஞ்சு போன கதையும் இல்லை. அதே ஷாம் ஷூய் போ தெருக்கள்ல பழைய ஃபிளாட்டுகளை அஞ்சா, ஆறா தடுத்து வாடகைக்கு விடுறாங்க. ஹாங்காங் முழுக்க இப்படித் தடுத்த அறைகள்ல ரெண்டு லட்சம் பேருக்கு மேல வாழ்றாங்க. நான் ஒரு ராத்திரி அனுபவத்துக்காகத் தங்கின அளவு இடம், அவங்களுக்கு வருஷக்கணக்கா வீடு.

கிளம்புற நாள் காலையில அந்த எடின்பரோ பிளேஸைத் தேடிப் போனேன். டிராம்ல போனேன், அதுவும் 1904-ல் இருந்து ஓடுற வண்டி, நான் போனப்போ எவ்வளவு தூரம் போனாலும் 3 டாலர், இறங்கும்போது கொடுத்தா போதும். முன்னே அதுலயும் மாடி முதல் வகுப்பு, கீழே மூன்றாம் வகுப்பு. நடுவுல இரண்டாம் வகுப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது! 1972-ல்தான் வகுப்பு வித்தியாசம் போச்சு.

நான் தேடின படகுத்துறை இல்லை. கடலை மண்ணால் நிரப்பினதால 2006 நவம்பர்ல அதை மூடி, புதுத் துறையைக் கடல் பக்கமாத் தள்ளிக் கட்டிட்டாங்க. பழைய மணிக்கூண்டை இடிக்கக் கூடாதுன்னு இளைஞர்கள் அங்கேயே உட்கார்ந்து போராடினாங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்த அதே இடம். டிசம்பர்ல இடிச்சுட்டாங்க.

சிட்டி ஹால் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன். அலை அடிச்ச இடத்துல இப்போ ரோடு, கார். அப்புறம் புதுத் துறைக்கு நடந்து போய் வழக்கம்போல கீழ்த்தளத்துக்கு 4 டாலர் கொடுத்தேன். பக்கத்துல ஒரு பாட்டி காய்கறிப் பையோட உட்கார்ந்திருந்தாங்க. அவங்க வயசைப் பார்த்தா 1966-ல் சின்னப் பொண்ணா இருந்திருப்பாங்க. கேட்க எனக்கு மொழி இல்லை. கரை வந்ததும் பையைத் தூக்கிக் கொடுத்தேன், சிரிச்சாங்க.

டிப்ஸ் கேட்டவங்களுக்கு: ஏர்போர்ட்ல ரயில் வேண்டாம், ஏ21 பஸ் நேதன் ரோட்லயே இறக்கி விடும். மெய் ஹோ ஹவுஸ் அருங்காட்சியகத்தைத் தவற விடாதீங்க. விடுதியில பேரம் பேசுறதுக்கு முன்னாடி நடைபாதையை ஒரு தடவை பார்த்துக்கோங்க.

உங்க ஊர்ல பஸ், ரயில் கட்டணத்துக்காக நடந்த போராட்டம் ஏதாவது உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருந்தா, கேட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசலாம்.