டாப் ஸ்டேஷன் முதல் பார்சல் வண்டி வரை: எல்லை மலைகளில் சுமைத் தொழிலின் ஒரு நூற்றாண்டு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஓணத்திற்கு முன் தொடங்கித் தீபாவளி வரை பார்சல் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஓய்வில்லை. பண்டிகை முடிந்ததும் சுமை குறைகிறது, ஆட்களும் குறைக்கப்படுகிறார்கள். 2024ஆம் ஆண்டுப் பண்டிகைக் காலத்திற்கென இந்தியா முழுவதும் 1,10,000க்கும் மேற்பட்ட பருவகால வேலைகளை உருவாக்கியிருப்பதாக அமேசான் அறிவித்தது. பருவகால வேலை என்ற பெயரிலேயே அதன் முடிவும் அடங்கியிருக்கிறது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் பூப்பாறை, குமுளிப் பகுதிகளிலும் இவ்வேலையைச் செய்யும் இளைஞர்களிடம் பணி நியமன ஆணை இருப்பதில்லை. ஆகவே பணிநீக்க ஆணையும் வருவதில்லை. ஒரு நாள் காலையில் கைப்பேசியில் சுமை ஒதுக்கப்படாமல் போகிறது, அவ்வளவே.

இதைச் செயலிகள் கொண்டுவந்த புதிய நிலை என்றே பலரும் எழுதுகிறார்கள். இந்த மலைகளின் வரலாற்றைப் பார்த்தால் அது முழு உண்மையன்று. பருவத்திற்கு அழைத்துப் பருவம் முடிந்ததும் அனுப்பிவிடும் முறை, இங்கே சுமைத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. அதற்கு மாற்றாக வேறு முறைகளும் இதே மண்ணில் இருந்தன. அவற்றை நினைவூட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் சொற்கள். தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணிச் சுருள் தமிழில் சும்மாடு. மலையாளத்தில் சுமையே சுமடு எனப்படுகிறது. வழியில் சுமையை இறக்கி வைக்க நடப்பட்ட கல்லைத் தமிழர் சுமைதாங்கி என்றனர், கேரளத்தில் அத்தாணி என்ற பெயரும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழகத்தில் பழைய வழக்கம். கூலி என்ற சொல் தமிழில் ஊதியத்தைக் குறிப்பது. தோட்டங்களின் ஆங்கிலத்தில் அது ஆளையே குறிக்கும் பெயராயிற்று. (அந்த ஆங்கிலச் சொல் குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு.) கொடுக்கும் ஊதியத்தின் பெயரால் மனிதரை அழைக்கத் தொடங்கிய இடத்தில், ஊதியம் நின்றதும் அம்மனிதரும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்.

இனி மலைக்கு வருவோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் பார்வதித் தோட்டத்தில் ஷார்ப் என்பவர் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. தேயிலை விளைந்தது, அதை மலையிலிருந்து இறக்குவதே சிக்கல். அக்காலத்தில் மூணாற்றின் வாசல் மேற்கே கொச்சியை நோக்கியதன்று, கிழக்கே போடிநாயக்கனூரை நோக்கியது. அரிசியும் ஆட்களும் அவ்வழியே ஏறின, தேயிலைப் பெட்டிகள் அவ்வழியே இறங்கின. தொடக்கத்தில் அந்தச் சுமை மனிதத் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும் இருந்தது.

1902இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. சிறு சக்கரம் ஒன்று தண்டவாளத்தில் ஓடும். பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். 1908இல் அது 2 அடி அகலக் குறும்பாதை ரயிலாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கிக் கயிற்றுவழியில் ஏற்றினார்கள். அவை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே உள்ள கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகள் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போடிக்குக் கொண்டுசென்றன. இன்று சுற்றுலாப் பயணிகள் பனிமூட்டத்தைப் படமெடுக்கும் டாப் ஸ்டேஷன், உண்மையில் சுமை கைமாறும் ஒரு கிடங்கு. இன்றைய மொழியில் சொன்னால் பார்சல் பிரிப்பு மையம்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஆட்கள் இருந்தனர்: மாடு ஓட்டியவர், பெட்டி தூக்கியவர், கயிற்றுவழியில் ஏற்றியவர், அடிவாரத்தில் வண்டி கட்டியவர். இவர்களின் வேலை தேயிலைக் கொழுந்தின் பருவத்தைச் சார்ந்தது. கோடைமழைக்குப் பின் கொழுந்து பெருகும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் பாதையும் சரியும், பெட்டிகளும் குறையும். தோட்டத்திற்குள் இருந்தவர் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தால் கட்டுண்டவர். வண்டிக்காரருக்கு அந்தக் கட்டு இல்லை, ஆனால் மழைக்கால வேலைக்கு உறுதியும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டுப் பணியாளர் ஒப்பந்த மீறல் சட்டம் இந்த உறவின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. முன்பணம் பெற்றவர் வேலையைக் கைவிட்டால் அது தண்டனைக்குரியது. வேலை கொடுத்தவர் வேலையை நிறுத்தினால் அச்சட்டத்தில் அது குற்றமே அன்று. 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1924 ஜூலையில் வந்தது பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் முற்றிலும் அழிந்தது, பிறகு கட்டப்படவில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சேர்ந்தபோது, மேலே அதற்குச் சுமை கொண்டுவந்த ரயில் இல்லை. 1931இல் ஆலுவா–மூணாறு புதிய சாலை திறக்கப்பட்டது, 1935இல் நேரியமங்கலம் பாலமும் திறக்கப்பட்டது. மூணாற்றின் வாசல் மேற்கே திரும்பிற்று. ஒரு பாதை திசைமாறினால் சரக்கு எப்படியும் போய்ச் சேரும். அப்பாதையை நம்பி மாடு வாங்கியவரே நின்றுபோவார். மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இன்றும் காட்சிக்கு இருக்கிறது. மாடு ஓட்டியவருக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை.

இதே காலத்தில் இதே பாதைகளில் வேறொரு சுமைகாரரும் நடந்தார். அவர் அஞ்சலோட்டக்காரர். மணி கட்டிய கோலுடன் ஓடிய அவர் அரசுத் துறையின் பணியாளர். தேவிகுளம் திருவிதாங்கூர் அஞ்சலின் எல்லையில் இருந்தது, சித்தூர் கொச்சி அஞ்சலின் எல்லையில் இருந்தது. மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காடு பிரிட்டிஷ் இந்திய அஞ்சலில் அடங்கியது. 1951இல் சமஸ்தான அஞ்சல்கள் இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தன. ‘அஞ்சல்’ என்ற சொல்லோ இன்று தமிழ்நாடு முழுவதற்கும் பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது.

அஞ்சல் துறையிலும் எல்லாரும் சமமாக இருக்கவில்லை. சிற்றூர்களில் ஒரு நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் பணியாற்றிய ‘துறைசாராப் பணியாளர்’ என்றொரு பிரிவு இருந்தது. அவர்களைக் காரணம் கேட்காமல் நீக்கலாமா என்ற கேள்வி, கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடுகளிலும் எழுந்தது. அவர்கள் வகிப்பதும் அரசுப் பதவியே, எனவே அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. வேலை பகுதிநேரமாக இருக்கலாம், ஆனால் நீக்குவதற்கு முன் விளக்கம் கேட்டாக வேண்டும். கைப்பேசியில் அடையாள எண் முடக்கப்பட்டு வேலை இழக்கும் இன்றைய பார்சல் ஓட்டுநருக்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் கிராமத்து அஞ்சல்காரர் வென்ற அந்த உரிமை இல்லை.

அடுத்த ஆண்டுக்குரிய இன்னொரு சட்டமும் கவனிக்கத்தக்கது. அது 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம். நிலையான ஒரு முதலாளி இல்லாமல், இன்று ஒரு கடை, நாளை ஒரு லாரி என்று மாறி மாறி உழைப்பவருக்கு எப்படிப் பாதுகாப்புத் தருவது என்பதே அதன் சிக்கல். தொழிலாளரைப் பதிவுசெய்வது, சரக்கு இறக்குபவர்களிடம் தொகை வசூலிப்பது, நல வாரியம் வழியாக அதைப் பகிர்வது என்பது அது கண்ட வழி. 1969இல் மகாராஷ்டிரம் மாத்தாடித் தொழிலாளருக்கு வகுத்ததும், 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளருக்கு வகுத்ததும் இதே பாதையில் அமைந்தவை. கேரளத்தில் இதன் நிழலில் ‘நோக்குகூலி’ என்ற தீய வழக்கமும் வளர்ந்தது. சுமக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் கூலி கேட்பது அது. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடைசெய்தது, அது சரியே. எனினும் நோக்குகூலியைக் காட்டி 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை எண்ணத்தையே பழிப்பது நேர்மையாகாது. நிரந்தரமற்ற வேலைக்கும் நிரந்தரமான பொறுப்பை ஏற்பாடு செய்ய முடியும் என்பதே அந்த எண்ணம்.

இந்தப் பாதுகாப்புகளுக்கு வெளியே எப்போதும் நின்றவர், எல்லையைக் கடந்து வேலைக்குப் போகிறவர். ஏலக்காய் அறுவடை மாதங்களில் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாகத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். அறுவடை ஓய்ந்தால் அவர்களுக்கும் வேலை குறைகிறது, ஜீப் ஓட்டுநருக்கும் சவாரி குறைகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தால் எல்லைச் சாலைகள் அடைபட்டபோதும், 2020இல் ஊரடங்கு வந்தபோதும் அவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது.

இன்றைய சட்டத்திற்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ‘கிக்’ தொழிலாளர் என்ற வகையை அது முதன்முறையாக வரையறுத்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. 2020–21இல் 77 லட்சமாக இருந்த இத்தொழிலாளர் எண்ணிக்கை 2029–30இல் 2.35 கோடியாகும் என்பது நிதி ஆயோக்கின் மதிப்பீடு. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் அச்சட்டம் இவர்களை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே வரையறுக்கிறது. விபத்து, மருத்துவம், முதுமை பற்றிப் பேசுகிறது. பண்டிகை முடிந்த மறுவாரம் என்னாகும் என்ற கேள்வியைத் தொடவில்லை. கோபாலபுரத்தில் வசித்துச் சித்தூரில் பார்சல் கொடுப்பவரும், போடியில் வசித்துப் பூப்பாறையில் கொடுப்பவரும் எந்த மாநில வாரியத்தின் பொறுப்பு என்ற கேள்வியும் எல்லையிலேயே நிற்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாற்றின் வணிகவரிச் சோதனைச்சாவடியில் சரக்குக்கு இருந்த தடை நீங்கியது. சரக்கைக் கொண்டுவருபவரின் உரிமை மட்டும் இன்னும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது.

செயலிதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்வது, நிறுவனங்களுக்கு வசதியான வரலாறு. ‘இது புதிய தொழில், பழைய சட்டம் பொருந்தாது’ என்ற வாதம் அதிலிருந்தே பிறக்கிறது. குண்டளைப் பாதையில் பெட்டி சுமந்தவரின் நிலைக்கும் இன்று பார்சல் சுமப்பவரின் நிலைக்கும் இடையே உள்ள ஒற்றுமை அதை மறுக்கிறது. தொழில் பழையது. அதற்குரிய தீர்வுகளும், 1977இலும் 1978இலும், இந்த நிலத்திலேயே ஓரளவு கண்டெடுக்கப்பட்டவை. விளக்கம் கேட்காமல் நீக்கக் கூடாது என்பது ஒன்று. சுமையால் பயன்பெறுவோர் அனைவரும், சுமை இல்லாத மாதங்களின் பொறுப்பையும் பகிர வேண்டும் என்பது மற்றொன்று.

போடி, கொட்டகுடி, குரங்கணி, மூணாறு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ வண்டி கட்டியவராகவோ, கயிற்றுவழியில் வேலை செய்தவராகவோ, அஞ்சல் சுமந்தவராகவோ இருந்தால், அவர்களைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் செய்திகளைக் கீழே எழுதுங்கள். பழைய கூலிச் சீட்டு, வண்டி உரிமம், ஒளிப்படம் எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். இன்று பார்சல் வண்டி ஓட்டும் தம்பிகள் தங்கள் கைப்பேசியில் வரும் வாராந்திர வருமானக் கணக்கையும் அழிக்காமல் சேமித்து வையுங்கள். உரிமை கேட்கும் நாளில் அதுவே உங்கள் சான்று.