ரோமில் வயது வரம்பு பிறந்த கதை

கி.மு. 213. ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படை இத்தாலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த நேரம். நகர நிர்வாகம் பார்க்கும் ஈடில் பதவிக்குச் சிப்பியோ என்ற இளைஞர் போட்டியிட்டார். வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோதான். உரிய வயது வரவில்லை என்று மக்களின் பிரதிநிதிகளான ட்ரிபியூன்கள் தடுத்தார்கள். குடிமக்கள் எல்லோரும் என்னைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் எனக்கு வயது போதும் என்றார் சிப்பியோ. கூட்டம் வாக்களிக்க முண்டியடித்து ஓடியது. ட்ரிபியூன்கள் வாய் மூடிக்கொண்டார்கள். பிறகு சிப்பியோ, நீதி நிர்வாகம் பார்க்கும் பிரேட்டர் பதவியைத் தொடாமலே ஸ்பெயின் படைக்குத் தலைமை ஏற்றார், முப்பதை ஒட்டிய வயதில் உச்சப் பதவியான கான்சல் ஆனார், கி.மு. 202-இல் ஜாமாவில் ஹானிபாலையே வீழ்த்தினார். இதைக் கண்ணால் பார்த்த ஊரில், பொறுத்திரு என்று எந்த இளைஞரிடம் சொல்வது?

கி.மு. 199-இல் ஃபிளாமினினஸ் என்ற இன்னோர் இளைஞர் வந்தார். முப்பது நிரம்பவில்லை. ஈடில், பிரேட்டர் என்ற நடுப்படிகளைத் தாண்டி, நேரே கான்சல் பதவி கேட்டார். இரண்டு ட்ரிபியூன்கள் எதிர்த்தார்கள். தடுக்கச் சட்டம் எதுவும் இல்லாதபோது முடிவு மக்களுடையது என்றது ரோமின் மூத்தோர் அவையான செனட். மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

பதவிப் போட்டியின் நெருக்கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கி.மு. 197-இல் பிரேட்டர்கள் நால்வரிலிருந்து ஆறு பேரானார்கள். கான்சல்களோ அதே இருவர். ஆறு பேர் ஏறிய படியிலிருந்து இருவருக்குத்தான் மேலே இடம். அங்கே பணம் புகாமல் இருக்குமா? கி.மு. 181-இல் தேர்தல் முறைகேட்டுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டே லூசியஸ் வில்லியஸ் என்ற ட்ரிபியூன், எந்தப் பதவிக்கு எந்த வயது என்று சட்டம் கொண்டுவந்தார். கான்சலுக்கு 42, பிரேட்டருக்கு 39 என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வில்லியஸ் குடும்பத்துக்கே ‘ஆண்டுக்காரர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை ஆசையை அடக்க வந்த சட்டம் என்று நான் நினைக்கவில்லை. ஆசைக்காரர்கள் ஒருவர் தலையில் ஒருவர் கால் வைத்து ஏறாமலிருக்கத் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆசையோ அந்த வரம்பையே புதிய பந்தயக் கோடாக்கிக்கொண்டது. தகுதி வயது வந்த முதல் ஆண்டிலேயே பதவியைப் பிடிப்பது தனிப் பெருமையாயிற்று. முன்னோரில் ஒருவர்கூட செனட்டில் இருந்திராத பேச்சாளர் சிசரோ, ஒவ்வொரு பதவியையும் உரிய ஆண்டிலேயே வென்று, கி.மு. 63-இல் 42 வயதில் கான்சல் ஆனார். அதை வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அவர் உழைப்புக்கு அந்தப் பெருமை தகும்.

வேண்டியவர் வந்தால் மக்களே வரம்பைத் தள்ளிவைத்தார்கள். கி.மு. 148-இல் ஈடில் பதவிக்கு நிற்க வந்த வேறொரு சிப்பியோவான சிப்பியோ எமிலியானஸை, கார்த்தேஜ் போரை முடிக்க வேண்டுமென்று கான்சலாகவே ஆக்கினார்கள். அதற்காகச் சட்டத்தை ஓராண்டு விலக்கிவைத்தார்கள். தளபதி பாம்பே எந்தக் கீழ்ப்படியிலும் கால் வைக்காமல் கி.மு. 70-இல் கான்சல் ஆனார். செனட்டை நடத்தத் தெரியாததால், அறிஞர் வர்ரோவிடம் கையேடு ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார்.

கி.மு. 43-இல் ஆக்டேவியன் என்ற இளைஞர் கான்சல் பதவியைக் கேட்ட விதம் வேறு. அவர் அனுப்பிய செஞ்சூரியன் என்ற படை அதிகாரி ஒருவர், செனட் தயங்கியதைக் கண்டு மேலங்கியை விலக்கி வாளின் பிடியைக் காட்டினாராம். நீங்கள் தராவிட்டால் இது தரும் என்றாராம். வரலாற்றாசிரியர் சுவேடோனியஸ் எழுதிவைத்த செய்தி இது. ஆக்டேவியன் கான்சல் ஆனபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவரே பின்னர் அகஸ்டஸ் என்ற பெயரில் ஆண்ட காலத்தில், முதல் படியான குவெஸ்டர் பதவிக்குரிய வயது 30-லிருந்து 25-ஆகக் குறைந்தது.